கல்விக் களம்: பிழைச் செய்தி வசவன்று



சென்ற திங்கள் இப்பகுதியில் பள்ளி மாற்றுச் சான்றிதழ் பெறும் முறை குறித்து எழுதியிருந்தோம். இத்திங்கள் எடுத்துக்கொள்ளும் பொருள் சற்றுப் புதியது. ஆயினும் நம்மவர் வீடுகள் பலவற்றில் இரவுச் சோறு ஆறிப்போவதற்குக் காரணமாயிருப்பது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புக்களில் கணிப்பொறி அறிவியல் பாடம் பைத்தான் என்னும் மொழியைக் கொண்டே நடத்தப்படுகிறது. அதனை எடுத்துக்கொண்ட நம் பிள்ளைகள் நான்கு வரி எழுதி இயக்கியவுடன், திரையில் சிவப்பெழுத்துக்கள் வரிசையாய்த் தோன்றக் கண்டு, "இது நமக்கு வராது" என்று மனமொடிந்து விடுகிறார்கள். பெற்றோரோ, "ஆங்கிலமும் அறியோம், கணிப்பொறியும் அறியோம், நாங்கள் என்ன செய்ய இயலும்?" என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். தனிப் பயிற்சிக்கு அனுப்பலாமெனில், வீட்டு வாடகையும் ஊருக்கு அனுப்பும் பணமும் போக எஞ்சுவது எவ்வளவு என்பதை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

பிள்ளையின் முடிவும் தவறு, பெற்றோரின் முடிவும் தவறு என்பதே இக்கட்டுரையின் கருத்து. பிழைச் செய்தி வசவன்று. அஃது ஓர் அறிக்கை. அதனைப் படிக்கும் முறையை ஒரு மாலைப் பொழுதிலே கற்றுக்கொள்ளலாம். கணிப்பொறியைத் தொட்டறியாத தாயும் தந்தையும்கூட அதில் மெய்யாகவே துணை செய்யலாம். நாம் பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுப் புகைவண்டி அலுவலகத்தில் எழுத்தராய்ப் பணிபுரிந்து வருகிறோம்; கற்றுத் துறைபோகியவரல்லோம். சங்கத்தின் ஞாயிறு வகுப்பில் பிள்ளைகளோடு அமர்ந்து இம்மொழியைப் பயின்றபோது, திரும்பத் திரும்பக் கண்ட இடர்ப்பாடுகளையே இங்குத் தொகுத்துத் தருகிறோம். கட்டளைச் சொற்களைத் தமிழெழுத்தில் எழுதிக் காட்டுகிறோம். கணிப்பொறியில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் இடவேண்டும்.

மொழியைப் பற்றி

பைத்தான் என்றவுடன் மலைப்பாம்பு நினைவுக்கு வரும். ஆனால் இம்மொழியை ஆக்கிய கீடோ வான் ராசம் என்பார், "மான்டி பைத்தான்" என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவினரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியை எண்ணியே அப்பெயரை இட்டார். நெதர்லாந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரில் 1989-ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய பணி, 1991-இல் முதன்முதல் வெளியிடப்பெற்றது. எழுதியவுடனே இயக்கிப் பார்க்கலாம், விலையும் இல்லை. தொடக்கநிலை மாணாக்கர்க்கு ஏற்றதென உலகெங்கும் இதனைத் தேர்ந்தெடுத்ததற்கு இவையே காரணம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய புத்தகக் கடையில் மலிவாய்க் கிடைக்கும் நூல்களுட் சில, பைத்தானின் இரண்டாம் பதிப்புக்கு எழுதப்பட்டவை. அப்பதிப்புக்கான ஆதரவு 2020-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளோடு நிறுத்தப்பட்டது. இப்பொழுது வழங்குவது மூன்றாம் பதிப்பு. "பிரிண்ட்" என்ற கட்டளைக்குப்பின் பிறைக்குறி இல்லாமல் ஒரு நூலில் எழுதியிருந்தால், அது பழைய நூலென்று அறிந்து விலக்குக. அதைப் பார்த்து எழுதிய பிள்ளையின் நிரல் முதல் வரியிலேயே நின்றுபோகும், குற்றம் பிள்ளையினுடையதன்று.

அறிக்கையைக் கீழிருந்து படித்தல்

நிரல் ஓடுகையில் தடைப்பட்டால் கணிப்பொறி தருவதற்கு "டிரேஸ்பேக்" என்று பெயர். பிள்ளைகள் இதனை மேலிருந்து படிக்கத் தொடங்கி, இரண்டாம் வரியிலேயே திகைத்து நிற்கிறார்கள். இதனைக் கீழிருந்து மேலாகப் படிக்கவேண்டும். கடைசியாக நிகழ்ந்தது கடைசியில் எழுதப்பட்டிருக்கிறது என்று அதன் தலைப்பிலேயே குறிப்பிருக்கும். கடைசி வரியில் பிழையின் பெயரும் காரணமும் இருக்கும்; அதற்குச் சற்று மேலே எத்தனையாவது வரியில் நிகழ்ந்தது என்ற எண் இருக்கும். இவ்விரண்டையும் முதலில் ஒரு தாளில் குறித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

அடிக்கடி வரும் பெயர்கள் ஐந்தாறுதான். "ஸின்டாக்ஸ் எர்ரர்" என்றால் இலக்கணப் பிழை. பிறைக்குறியோ, மேற்கோட்குறியோ, வரியின் இறுதியில் வரவேண்டிய முக்காற்புள்ளியோ விடுபட்டிருக்கும். "நேம் எர்ரர்" என்றால் அப்படியொரு பெயரைக் கணிப்பொறி அறியாது; எழுத்துப் பிழையாகவோ, பெரிய எழுத்து சிறிய எழுத்து மாறியதாகவோ இருக்கும். "டைப் எர்ரர்" என்றால் இனம் பொருந்தாத இரண்டைச் சேர்க்க முயன்றோம் என்பது பொருள். "வேல்யூ எர்ரர்" என்றால் இனம் சரி, மதிப்பு ஏற்கத்தக்கதன்று. "இண்டெக்ஸ் எர்ரர்" என்றால் பட்டியலில் இல்லாத இடத்தைக் கேட்டோம். "இண்டென்டேஷன் எர்ரர்" என்றால் வரியின் தொடக்கத்தில் விடவேண்டிய இடம் பிசகியது. இவற்றை ஓர் அட்டையில் தமிழில் எழுதி மேசைமேல் ஒட்டிவைத்தல் நலம்.

இலக்கணப் பிழையில் மட்டும் ஒரு நுட்பம் உண்டு. கணிப்பொறி சுட்டும் வரியில் பிழை ஒன்றும் தென்படாவிட்டால், அதற்கு முந்திய வரியைப் பார்க்கவேண்டும். மூன்றாம் வரியில் திறந்த பிறைக்குறியை மூடாது விட்டால், பழைய வெளியீடுகள் நான்காம் வரியில் பிழை என்றே சொல்லும். மூடப்படும் என்று எதிர்பார்த்துக்கொண்டே அடுத்த வரிக்கு வந்துவிட்டதே காரணம். 2021-இல் வெளிவந்த 3.10 வெளியீடு முதல், "இப்பிறைக்குறி மூடப்படவில்லை" என்று நேராகவே சொல்கிறது, பெயரைப் பிழையாய் எழுதினால், "இதையா குறித்தீர்?" என்றும் கேட்கிறது. ஆகவே வீட்டுக் கணிப்பொறியில் புதிய வெளியீட்டை நிறுவிக்கொள்ளுதல் தொடக்க மாணாக்கர்க்குப் பெரிதும் உதவும்.

எண்போல் தோன்றும் எழுத்து

தொடக்க நிலையில் மிகுதியும் துன்புறுத்துவது இதுவே. ஆதலின் சற்று விரித்துரைப்போம்.

"இன்புட்" என்ற கட்டளை, இயக்குபவர் தட்டும் விடையை வாங்கித் தருவது. நாம் 10 என்று தட்டினாலும், அது வாங்கித் தருவது பத்து என்ற எண்ணையன்று. ஒன்று, பூஜ்யம் என்ற இரண்டு எழுத்துக்கள் அடங்கிய சொல்லை. அவ்வாறு வாங்கிய 10-ஐயும் 20-ஐயும் கூட்டினால் விடை 30 வராது. 1020 என்று ஒட்டிக்கொண்டு வரும். சொல்லோடு சொல்லைச் சேர்த்தால் ஒட்டுவதுதானே முறை? அச்சொல்லோடு 5 என்ற எண்ணைக் கூட்டச் சொன்னாலோ டைப் எர்ரர் வரும். வாங்கியதை "இன்ட்" என்ற கட்டளையால் எண்ணாக மாற்றிக்கொள்ளுதலே இதற்கு மருந்து:

வயது = இன்ட்(இன்புட்())

பிழைச் செய்தி வந்தால் நல்லதென்றே கொள்ளவேண்டும். வராமல் தவறான விடை வருவதே கொடிது. சொற்களாக ஒப்பிடுங்கால், 9 என்பது 71-ஐவிடப் பெரியது என்று கணிப்பொறி சொல்லும். அகராதியில் சொற்களை முதலெழுத்துக்கொண்டு வரிசைப்படுத்துவதுபோல, 9-ஐயும் 7-ஐயும் மட்டும் பார்த்துத் தீர்ப்பளித்துவிடுகிறது. கணிப்பொறி தன்னளவில் பிழை செய்யவில்லை. ஆதலால் சிவப்பெழுத்தும் தோன்றாது.

இதற்கு மறுதலையும் உண்டு. எண்போல் தோன்றும் எல்லாவற்றையும் எண்ணாக மாற்றிவிடுதலும் ஆகாது. நம் புகைவண்டிகளின் எண்கள் 2010-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் ஐந்திலக்கமாக உள்ளன. சென்னையிலிருந்து புதுதில்லி செல்லும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் 12621. திரும்பி வருவது 12622. சிறப்பு வண்டிகளின் எண்களோ பூஜ்யத்தில் தொடங்குகின்றன. பூஜ்யத்தில் தொடங்கும் ஐந்திலக்கத்தை இன்ட் என்னும் கட்டளைக்குள் செலுத்தினால், பூஜ்யம் உதிர்ந்து நான்கிலக்கமே மிஞ்சும். பிறகு அவ்வண்டியைத் தேடினால் கிடைக்காது. நிரலுக்குள் நேராக அப்படி எழுதினாலோ இலக்கணப் பிழையென்று நின்றுவிடும். தொலைபேசிக் குறியீடுகளுக்கும் இதே விதி. எதை எண்ணாக்குவது, எதைச் சொல்லாகவே விடுவது என்பதற்கு ஒரு சோதனை உண்டு: அதனைக் கூட்டுவதிலோ பெருக்குவதிலோ பொருள் உண்டா? வயதுகளைக் கூட்டிச் சராசரி காணலாம். ஆதலின் வயது எண். இரண்டு வண்டிகளின் எண்களைக் கூட்டி எவரும் ஒன்றும் செய்வதில்லை. ஆதலின் வண்டி எண் என்பது இலக்கங்களால் எழுதப்பட்ட பெயரே.

பூஜ்யத்திலிருந்து எண்ணுதல்

எல்.எச்.பி. வகைத் தூங்கும் வசதிப் பெட்டியில் 80 படுக்கைகள் உண்டு. அவற்றில் பயணம் செய்வோரின் பெயர்களை ஒரு பட்டியலாக எழுதினால், முதற்பெயரின் இடம் 0. எண்பதாம் பெயரின் இடம் 79. 80-ஆவது இடத்தைக் கேட்டால் இண்டெக்ஸ் எர்ரர் வரும். "இஃதென்ன விபரீதம்!" என்று பிள்ளைகள் கேட்பார்கள். இருப்புப்பாதையோரத்துக் கிலோமீட்டர்க் கல்லை நினைத்துக்கொண்டால் விளங்கும். அக்கல் சொல்வது, தொடக்கத்திலிருந்து எவ்வளவு தொலைவு என்பதையே. முதற்பெயர் தொடக்கத்திலேயே இருக்கிறது. அதன் தொலைவு பூஜ்யம்.

எனவே படுக்கை எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் பட்டியலின் இடம் கிடைக்கும். இதிலும் ஒரு கண்ணி மறைந்திருக்கிறது. யாரேனும் படுக்கை எண்ணை 0 என்று தட்டிவிட்டால், ஒன்று கழிந்து -1 ஆகும். பைத்தானில் -1 என்றால் கடைசி இடம் என்று பொருள். ஆகவே பிழையொன்றும் சொல்லாமல் எண்பதாம் படுக்கைக்குரியவர் பெயரைத் தந்துவிடும். வாங்கிய எண் 1-க்குக் குறையாமலும் 80-க்கு மேற்படாமலும் இருக்கிறதா என்று முதலில் சோதித்தல் இதனாலேயே வேண்டப்படுகிறது.

"ரேஞ்ச்" என்ற கட்டளையும் இவ்வினத்ததே. ரேஞ்ச்(1, 80) என்றால் 1 முதல் 79 வரையே கிடைக்கும், இறுதியெண் சேராது. 1 முதல் 80 வரை வேண்டின் ரேஞ்ச்(1, 81) என எழுதவேண்டும். கடைசிப் பிரயாணியின் கட்டணம் மட்டும் கூட்டுத்தொகையில் சேரவில்லையென்றால் முதலில் ஐயுறவேண்டியது இதனையே.

வரித் தொடக்கத்து இடம்

பிற மொழிகளில் ஒரு கட்டளைத் தொகுதியை அடைப்புக்குறிகளால் காட்டுவர். பைத்தானில் வரியின் தொடக்கத்தில் விடும் இடமே அவ்வேலையைச் செய்கிறது. நான்கு இடம் விடுவது வழக்கம். ஒரு வரியில் இடைவெளிக் கட்டையையும் மறு வரியில் "டேப்" கட்டையையும் தட்டினால், கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றும், கணிப்பொறி ஏற்காது. ஏதேனும் ஒன்றையே இறுதிவரை கையாளுக.

இடம் பிசகினால் எப்போதும் பிழை வருமென்றும் எண்ணற்க. பட்டியலில் உள்ள 80 பேரின் கட்டணத்தையும் ஒவ்வொன்றாய்க் கூட்டிவிட்டு, முடிவில் ஒருமுறை தொகையைக் காட்டவேண்டும் என்று கொள்வோம். காட்டும் கட்டளை நான்கு இடம் தள்ளி எழுதப்பட்டால் அதுவும் சுழற்சிக்குள் சேர்ந்துவிடும். தொகை எண்பது முறை திரையில் வரும். வரியின் தொடக்கத்திலேயே எழுதப்பட்டால் ஒருமுறை வரும். எழுத்து ஒன்றும் மாறவில்லை. இடம் மாறியது, பொருளும் மாறியது.

காசுக் கணக்கு

0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொன்னால் பைத்தான் தரும் விடை 0.30000000000000004. கணிப்பொறி கெட்டுவிட்டதோ என்று அஞ்சவேண்டா. ஒன்றை மூன்றால் வகுத்தால் 0.333 என்று முடிவில்லாமல் போகிறதன்றோ? நமது பத்தடிமான முறையில் மூன்றிலொன்றை முழுமையாய் எழுத இயலாதவாறே, கணிப்பொறியின் இரண்டடிமான முறையில் பத்திலொன்றை முழுமையாய் எழுத இயலாது. எழுத முடிந்த அளவோடு நிறுத்திக்கொள்வதால் கடைசியில் ஒரு துணுக்கு தங்கிவிடுகிறது. பைத்தான் மட்டுமன்று, பெரும்பாலான மொழிகளிலும் இவ்வாறே.

ஆகவே ரூபாய்க் கணக்கைப் பின்னமாக வைத்துக்கொள்ளாமல், எல்லாவற்றையும் பைசாவாக்கி முழு எண்ணாகக் கணக்கிட்டு, இறுதியில் ரூபாயாக மாற்றுவது நல்வழி. பத்தடிமான முறையிலேயே கணக்கிடும் "டெசிமல்" என்ற தொகுதியும் மொழியோடு சேர்ந்தே கிடைக்கிறது. மேலும் ஒன்று: "ரவுண்ட்" என்ற கட்டளை 2.5-ஐ 2 ஆக்கும், 3.5-ஐ 4 ஆக்கும். சரிபாதியாயின் அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குச் செல்வது அதன் விதி. பள்ளியில் கற்ற முறைப்படி 3 வரவேண்டுமே என்று தேடித் தேடி மனம் வாடுவதில் பயனில்லை.

ஒரு பேரேடு, இரண்டு பெயர்

"அ" என்னும் பெயரில் ஒரு பட்டியல் இருக்கிறது. "ஆ = அ" என்று எழுதினால் இரண்டாம் பட்டியலொன்று உண்டாகிவிட்டதாகப் பிள்ளைகள் கருதுகிறார்கள். அன்று; ஒரே பேரேட்டுக்கு இரண்டு பெயர் வைத்ததாகவே ஆகும். ஆ-வில் ஒரு பெயரை அடித்தால் அ-விலும் அடிபட்டிருக்கும். தனிப்படி வேண்டுமாயின் ஆ = அ.காப்பி() என்று வெளிப்படையாகப் படியெடுக்கவேண்டும்.

பட்டியலை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே அதிலிருந்து சிலவற்றை நீக்குவதும் இடர் தரும். வரிசையில் நிற்பவர்களுள் மூன்றாமவர் விலகினால், நான்காமவர் மூன்றாம் இடத்துக்கு வந்துவிடுவார். நமது பார்வையோ நான்காம் இடத்துக்குப் போய்விடும். நகர்ந்து வந்தவர் பார்வையில் படாமலே தப்பிவிடுவார். வேண்டியவர்களை மட்டும் வேறொரு பட்டியலில் சேர்த்துக்கொள்வதே பழுதற்ற முறை.

தமிழெழுத்தும் பைத்தானும்

பைத்தானின் மூன்றாம் பதிப்பில், 2008 முதல், நாம் இடும் பெயர்களைத் தமிழிலேயே எழுதலாம். மேலே காட்டிய "வயது" என்ற பெயர் அவ்வாறே ஏற்கப்படும். கட்டளைச் சொற்கள் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கவேண்டும். பிள்ளை எழுதுவதைத் தாயும் ஓரளவு படித்தறிய இஃது உதவுவதால், தொடக்க நிலையில் இதனை நாம் பரிந்துரைக்கிறோம்.

ஆயினும் தமிழ்ச் சொல்லின் எழுத்துக்களை எண்ணச் சொன்னால் வியப்பான விடை வரும். "தமிழ்" என்பது நமக்கு மூன்றெழுத்து, பைத்தானுக்கு ஐந்து. த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று தனித்தனியே எண்ணுகிறது. கணிப்பொறியில் தமிழ் சேமிக்கப்படும் முறை அத்தகையது. சொல்லைத் தலைகீழாகத் திருப்பும் பயிற்சியைத் தமிழ்ச் சொல்லுக்குச் செய்தால், கொக்கியும் புள்ளியும் இடம் மாறிப்போய்ச் சிதைந்து தோன்றும். நம் முறைப்படி எழுத்துக்களைப் பிரிப்பதற்கென்றே "ஓப்பன் தமிழ்" என்ற இலவசத் தொகுதி இருக்கிறது. தமிழ்க் கோப்புக்களைத் திறக்கும்போது கட்டம் கட்டமாகவோ புரியாத குறிகளாகவோ தோன்றினால், திறக்கும் கட்டளையில் "யு.டி.எஃப்.-8" என்று எழுத்துமுறையைக் குறிப்பிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

சிறு இடர்கள்

இவற்றைச் சுருக்கமாகவே சொல்லி மேற்செல்வோம்.

கடிதம் எழுதும் மென்பொருளில் நிரலை எழுதற்க. அது மேற்கோட்குறிகளை அழகுக்காக வளைத்துவிடும், பைத்தான் வளைந்தவற்றை ஏற்காது. பைத்தானோடு வரும் "ஐடில்" என்னும் எழுதுமிடமே தொடக்கத்துக்குப் போதும்.

விண்டோஸ் கணிப்பொறியில் நிறுவும்போது, முதற்பக்கத்தின் அடியில் "பாத்" என்ற சொல்லோடு இருக்கும் சிறு கட்டத்தில் குறியிடுக. இல்லையேல், கட்டளைச் சாளரத்தில் பைத்தான் என்று தட்டினால், அப்படியொன்றை அறியேன் என்று விடை வரக்கூடும்.

நிரற்கோப்புக்கு "ராண்டம்" என்பது போன்ற, மொழியோடு வரும் தொகுதிகளின் பெயரை இடற்க. பிறகு அத்தொகுதியை அழைக்கும்போது பிள்ளையின் கோப்பே வந்து நிற்கும்.

ஒரு சமக்குறி மதிப்பை இடுவதற்கு. இரண்டு சமக்குறி ஒப்பிடுவதற்கு.

நிரல் முடிவில்லாமல் சுழன்றுகொண்டேயிருந்தால், "கன்ட்ரோல்" கட்டையை அழுத்திக்கொண்டு "ஸி" கட்டையைத் தட்டினால் நிற்கும். மின்சாரத்தை நிறுத்த வேண்டியதில்லை.

பெற்றோர் செய்யத்தக்கது

இனி முதற்கண் சொன்ன கருத்துக்கு வருவோம். மேற்கூறிய எதனையும் பெற்றோர் மனப்பாடம் செய்யவேண்டுவதில்லை. மூன்று வினாக்களை மட்டும் தமிழில் கேட்கத் தெரிந்தால் போதும். கடைசி வரியில் என்ன எழுதியிருக்கிறது? எத்தனையாவது வரி என்கிறது? அந்த வரி என்ன செய்யவேண்டும் என்று எண்ணி எழுதினாய்?

மூன்றாம் வினாவே தலையாயது. நிரல் எழுதுவதையே தொழிலாய்க் கொண்டோரிடையே ஒரு வழக்கம் உண்டு. மேசைமேல் ஒரு ரப்பர் வாத்துப் பொம்மையை வைத்துக்கொண்டு, தாம் எழுதியதை வரி வரியாக அதற்கு விளக்குவார்கள். விளக்கிக்கொண்டே வரும்போது பிழை தானே புலப்பட்டுவிடும். 1999-இல் ஆண்டுரு ஹண்ட், டேவிட் தாமஸ் என்ற இருவர் எழுதிய நூலொன்றின் வாயிலாக இது பரவலாயிற்று. நம் வீடுகளில் பொம்மை வாங்கவேண்டிய தேவையில்லை; பாட்டி இருக்கிறார்.

நம் வட்டாரத்துக் குடும்பமொன்றில் பதினொன்றாம் வகுப்புப் பெண்ணொருத்தி, இப்பாடத்தை விட்டு வேறு பாடம் மாற்றிக்கொள்வதென்று முடிவு செய்து, விண்ணப்பமும் எழுதி வைத்திருந்தாள். வீட்டிலுள்ளோர் வயதை வாங்கி, மூத்தவர் யாரென்று சொல்லும் நிரல் அவளுக்கு இடப்பட்ட பயிற்சி. பாட்டிக்கு 71 வயது, தம்பிக்கு 9. கணிப்பொறியோ தம்பியே மூத்தவன் என்றது. பிழைச் செய்தி ஒன்றும் இல்லை. இரண்டு இரவு கழிந்தும் அவளுக்கு விளங்கவில்லை. தாயார் ஐந்தாம் வகுப்புவரை தமிழ் படித்தவர். அவர் அடுப்படியிலிருந்து வந்து அருகில் அமர்ந்து, "ஒவ்வொரு வரியாகச் சொல்லு கண்ணு, எனக்குப் புரிகிற மாதிரி" என்றார்.

"முதல் வரியிலே வயசைக் கேட்கிறேன் அம்மா. நாம் தட்டுகிற எழுத்தை வாங்கி..." என்றவள் அவ்விடத்திலேயே நிறுத்திக்கொண்டாள். எழுத்து என்று அவள் வாயாலேயே வந்துவிட்டது. எண்ணாக மாற்றவில்லை என்பது அப்பொழுதே தெரிந்தது. இன்ட் என்ற ஒரு சொல்லைச் சேர்த்தாள், பாட்டி மூத்தவரானார். தாயார் அவளுக்குப் பைத்தான் கற்பிக்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார், அவ்வளவே. விண்ணப்பம் இதுவரை பள்ளியில் கொடுக்கப்படவில்லை என்று அந்த அம்மையார் நம்மிடம் தெரிவித்தார்.

பிள்ளைகளுக்கும் மூன்று சொல் சொல்லவேண்டும். ஒரே நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுக; ஐந்தை மாற்றிச் சரியானால், எது சரிசெய்தது என்பது தெரியாது. ஐயம் வந்த இடத்தில் "பிரிண்ட்" கட்டளையை இட்டு, அப்பெயருக்குள் அவ்வேளையில் என்ன இருக்கிறதென்று பார்க்க. "டைப்" என்ற கட்டளை அதன் இனத்தையும் சொல்லும். மூன்றாவது, இக்காலத்தில் கைப்பேசியிலுள்ள செயற்கை அறிவுக் கருவியிடம் கேட்டால் முழு நிரலையும் நொடியில் எழுதித் தந்துவிடும், அவ்வாறு கேளற்க. "இப்பிழை ஏன் வந்தது, நான் எதைப் பார்க்கவேண்டும்?" என்று கேட்க. தேர்வு மண்டபத்தில் அக்கருவி உடன் வராது.

தமிழ்நாடு அரசின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் தமிழிலும் அச்சாகியுள்ளது; அதில் பைத்தான் பாடங்கள் உண்டு; இணையத்தில் விலையின்றிக் கிடைக்கிறது. ஆங்கிலப் பாடநூலில் புரியாத இடத்தை அதில் ஒப்பிட்டுப் படித்தால், பிள்ளைக்குப் பாடமும் தெளியும், தமிழும் வளரும்.

எவ்வளவு முயன்றும் தீராத பிழை இருக்குமாயின், நிரலையும் பிழைச் செய்தியின் கடைசி வரியையும் ஒரு தாளில் மாற்றமின்றி அப்படியே எழுதிக்கொண்டு ஞாயிறு வகுப்புக்கு வருக. "ஓடவில்லை" என்று மட்டும் சொன்னால் எவராலும் உதவ இயலாது. கடைசி வரியைக் கொண்டுவந்தால் சேர்ந்தமர்ந்து பார்க்கலாம். பெற்றோரும் உடன் வருவது சிறப்பு. அடுத்த திங்கள் இப்பகுதியில், பள்ளிக் கல்வி உதவித் தொகைக்கான விண்ணப்பங்களை நிரப்பும் முறை குறித்து எழுதுவோம்.